ரீஃப் தன்னார்வ மீன் கணக்கெடுப்பு

பொழுதுபோக்குக்காக ஸ்கூபா முக்குளிப்பவர்கள், கடலுக்கடியில் பார்த்த மீன்களை இனம் பிரித்துக் குறித்துக் கொடுக்கும் திட்டமே ரீஃப் தன்னார்வ மீன் கணக்கெடுப்பு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கீ லார்கோவில் இயங்கும் ‘ரீஃப்’ என்ற அமைப்பு 1993 முதல் இதை நடத்திவருகிறது. கரீபியன் கடலில் தொடங்கி, பின்னர் வட அமெரிக்காவின் பசிபிக் கரை, ஹவாய் எனப் பல கடல்களுக்கும் இது பரவியது. இதுவரை வந்துசேர்ந்த கணக்கெடுப்புகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

தோற்றம்

கடலடிப் புகைப்படக் கலைஞர்களான பால் ஹியூமன், நெட் டிலோச் இருவரும் 1990 இல் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், கரீபியன் பவளப்பாறை மீன்களை அடையாளம் காண்பதற்கான ஹியூமனின் படக் கையேடு வெளிவந்திருந்தது. அமெரிக்காவில் 1900 முதல் பறவை ஆர்வலர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் பறவைகளை எண்ணிவருகிறார்கள். கரையில் நடப்பது கடலுக்குள்ளும் நடக்கட்டும் என்பதே நிறுவனர்களின் எண்ணம். மீனின் பெயர் தெரியாதவரைக்கும் முக்குளிப்பவர் கண்டதெல்லாம் வெறும் காட்சி. தெரிந்த நாளிலிருந்து அது தகவலாகிவிடுகிறது.

கணக்கெடுக்கும் முறை

இறங்கிய இடத்திலிருந்து சுமார் 100 மீட்டர் தொலைவுக்குள் விருப்பம்போல் நீந்தலாம். பாறை இடுக்கு, மணல்வெளி, தலைக்கு மேலிருக்கும் நீர் என எல்லாப் பக்கமும் தேடலாம். பார்த்த இனங்களை நீருக்கடியிலேயே பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். எண்ணிக்கை நான்கே வகை: ஒன்று, 2 முதல் 10 வரை, 11 முதல் 100 வரை, 100க்கு மேல். கூட்டமாய் ஓடும் மீன்களை ஒவ்வொன்றாய் எண்ணி யாரும் திணற வேண்டியதில்லை. விதி ஒன்றே ஒன்று: நிச்சயமாகத் தெரிந்த மீனை மட்டுமே எழுத வேண்டும், சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும். இத்திட்டத்தின் நம்பகத்தன்மை முழுவதும் இந்த அடக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

மீன் படிப்பு

கற்பவர்களை முதலில் குழப்புவது நிறம். கீழே போகப்போகச் சிவப்பு மங்கி, மீன் வேறு சாயலில் தெரியும். அதனால் உடல்வடிவம், வால், கோடுகளின் போக்கு, மீன் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

ஒரே மீன் வயதுக்கு ஏற்ப வேடம் மாற்றுவதும் உண்டு. கரீபியனின் ஸ்டாப்லைட் கிளிமீன் முதல் பருவத்தில் பழுப்பு உடலும் சிவந்த வயிறுமாக இருக்கும். இறுதிப் பருவத்தில் பச்சையாகி, செவுள் மூடியின் மேல்முனையில் மஞ்சள் பொட்டு வைத்துக்கொள்ளும். பிரெஞ்சு ஏஞ்சல் மீன், சாம்பல் ஏஞ்சல் மீன் ஆகிய இரண்டின் குஞ்சுகளும் கறுப்பு உடலில் மஞ்சள் பட்டை போட்டவை. பக்கத்தில் போய் வாலைப் பார்த்தால்தான் தெரியும்: மஞ்சள் விளிம்பு வாலை முழுவதும் சுற்றி வந்தால் பிரெஞ்சு, ஓரம் கண்ணாடிபோல் நிறமற்றிருந்தால் சாம்பல். விரல்நீளக் குஞ்சு ஒன்றின் வால்நுனியைப் பார்ப்பதற்காக ஒருவர் மூச்சை நிதானமாக விட்டபடி அசையாமல் மிதப்பது, இந்தப் படிப்பு ஏற்படுத்தும் மாற்றத்துக்கு நல்ல அடையாளம்.

தேர்வுகளில் பெறும் மதிப்பெண்ணும் செய்த கணக்கெடுப்புகளும் கூடக்கூட, தன்னார்வலர் நிலைநிலையாக உயர்ந்து நிபுணர் வரிசையில் சேர்கிறார். புதியவர் தரவும் நிபுணர் தரவும் தனித்தனியாக அடையாளமிடப்படுவதால், ஆய்வாளர்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

பயன்கள்

வாலடியில் கறுப்புச் சேணம்போல் திட்டுள்ள நாசாவ் களவா மீன், குளிர்கால முழுநிலவை ஒட்டி ஆண்டுதோறும் ஒரே இடத்தில் திரண்டு முட்டையிடும். அந்த இடம் தெரிந்துவிட்டால் கூட்டத்தையே வாரிவிடலாம். அதனாலேயே கரீபியனில் பல கூட்டங்கள் அழிந்தன. 2001 இல் லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் மீனவர்கள் சுமார் 7,000 மீன்கள் கொண்ட திரளைக் கண்டார்கள். இரண்டே பருவங்களில் 4,000 அளவுக்குப் பிடிபட்டன. அதன்பின் ரீஃப் தன்னார்வலர்களும் கேமன் அரசின் சுற்றுச்சூழல் துறையும் ஆய்வாளர்களும் குளிர்காலங்களில் அங்கேயே தங்கி எஞ்சியவற்றை எண்ணினார்கள். 2003 இல் முட்டையிடும் இடங்களில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அங்கு மீன்கள் ஏறக்குறைய மும்மடங்காகிவிட்டன என்று 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. ரீஃப் அமைப்பின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது.

மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்திய-பசிபிக் கடல்களுக்கு உரியவை சிங்கமீன்கள். 1985 இல் ஃபுளோரிடா கடலில் தென்பட்ட அவை, பின்னர் அட்லாண்டிக் பாறைகளின் சிறுமீன்களை விழுங்கும் அந்நியராகப் பெருகின. அவை எங்கெங்கே வந்துசேர்ந்தன என்பதை வரைபடமாக்க முக்குளிப்பவர்களின் பதிவுகள் உதவின.

பசிபிக் கரையில் தன்னார்வலர்கள் மீனோடு சில முதுகெலும்பற்ற உயிர்களையும் குறிக்கிறார்கள். 2013 இல் கடல் நட்சத்திரங்களை நோய் தாக்கியபோது, சூரியகாந்தி கடல் நட்சத்திரம் எந்த அளவுக்கு மறைந்தது என்பதை 2019 ஆய்வு அந்தப் பதிவுகளையும் கொண்டே நிறுவியது. மறுஆண்டு அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது.

வரம்புகள்

இம்முறையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மீன் என்ற கணக்குக் கிடைக்காது. முக்குளிப்பவர்கள் தெளிந்த நீரும் அழகான பாறையும் உள்ள இடங்களையே நாடுவதால், மற்ற இடங்களின் பதிவு குறைவு. அடர்த்திக் கணக்கு வேண்டுவோர், 2007 இல் டாஸ்மேனியாவில் தொடங்கிய ‘ரீஃப் லைஃப் சர்வே’ போல, 50 மீட்டர் நாடாவை விரித்து அதன் இருபுறமும் எண்ணும் முறையைக் கையாள்கிறார்கள். ஆனாலும் அகன்ற கடற்பரப்பில், பல பத்தாண்டுகள் தொடர்ந்து, அரிய இனங்களையும் விடாமல் பிடிக்கும் பதிவேடு சம்பளத்துக்கு வரும் ஆய்வுக்குழுக்களால் மட்டும் உருவாகியிருக்காது.

ரீஃப் அமைப்பில் சேரக் கட்டணம் இல்லை. ஸ்கூபா தெரியாதவர்கள் முகக்கவசமும் சுவாசக் குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கண்டதையும் பதிவுசெய்யலாம்.