ரன்னிமீட் – பிரிட்டன் கப்பல் விபத்து (1844)

அந்தமானின் ரிச்சி தீவுக்கூட்டத்தில் உள்ள ஜான் லாரன்ஸ் தீவில், 1844 நவம்பர் 12 அதிகாலையில் படையினரை ஏற்றிவந்த இரு கப்பல்கள் ஒரே புயலில் கரையேறிய நிகழ்வு. இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டிலிருந்து ரன்னிமீட் என்ற கப்பலும், ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து பிரிட்டன் என்ற கப்பலும் கல்கத்தாவை நோக்கி வந்தன. ஒன்றையொன்று அறியாத அவ்விரண்டையும் புயலும் பொங்கிய கடலும் கரையில் அருகருகே தூக்கி எறிந்தன. விடிந்தபின்தான், பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடப்பதை அவற்றில் இருந்தோர் கண்டார்கள். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் நம்பத் தயங்குவோம்.

சிப்பாய்கள், அவர்களுடைய மனைவியர், குழந்தைகள், மாலுமிகள் என 600 பேருக்கு மேல் உயிர் தப்பினர். அதுதான் இந்த வரலாற்றின் பெரும் வியப்பு. ஆங்கிலேயர் தங்கள் முதல் அந்தமான் குடியிருப்பை 1796இலேயே கைவிட்டிருந்ததால், உதவி கேட்க அருகில் எவரும் இல்லை. தங்கள் நிலத்தில் திடீரென வந்திறங்கிய இந்தப் பெருங்கூட்டத்தை அந்தமான் பழங்குடியினர் எதிர்த்தனர், மோதல்களும் நடந்தன. அவர்கள் தரப்பை எழுதிவைக்க ஆளில்லாமல் போனது பெரிய இழப்பு. செப்பனிட்ட படகொன்று பர்மியக் கரைக்குச் சென்று செய்தி சொன்ன பிறகே மீட்புக் கப்பல்கள் வந்தன. அதுவரை ஏறத்தாழ ஐம்பது நாள், தப்பியோர் இருந்த உணவைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தனர்.

உயிர் தப்பியோரின் குறிப்புகளை ஜோசப் டார்வால் 1845இல் நூலாக்கினார். விபத்தில் சிக்கும் மாலுமிகளைக் காப்பதும் 1858இல் போர்ட் பிளேரில் மீண்டும் குடியேற்றம் அமைக்க ஒரு காரணமாயிற்று. இன்று அந்நகரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் பயணக் கப்பல்கள் அதே தீவுக்கூட்டத்தின் சுவராஜ் தீவுக்குச் செல்கின்றன.