சாணைக்கல்லும் ஒரு தொட்டித் தண்ணீரும்

உங்களில் சிலர் கிரைண்டிங் பட்டறை நடத்துகிறீர்கள். இன்றைய பதிவு முக்கியமாக உங்களுக்கு.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சாணைக்கல் என்றால் மணற்பாறையில் வெட்டிய பெரிய சக்கரம். மேசைக்கத்தி தீட்டுவோரின் கல், தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி சுழலும். உரசும் இடம் சூடேறினால் எஃகின் பதம் கெட்டுவிடும், அதற்குத்தான் தண்ணீர். கூடவே அது தூசியையும் அடக்கியது. முள்கரண்டியையும் ஊசியையும் உலர்ந்த கல்லில் தீட்டினார்கள். குனிந்திருப்பவர் முகத்துக்கு நேரே மணல்தூளும் எஃகுத்தூளும் பறக்கும்.

உலர்கல்லில் வேலை செய்பவர்களின் சராசரி ஆயுள் 35-ஐ எட்டுவதே கடினம், ஈரக்கல்காரர்கள் 45-ஐத் தாண்டுவது அரிது என்று எங்கெல்ஸ் எழுதினார். ஒரு தொட்டித் தண்ணீருக்குப் பத்து வருட ஆயுள்! ஈரக்கல்காரர் மட்டும் ஏன் 45-லேயே போனார்? புதுக்கல்லைச் சீவி வட்டமாக்கும்போது (நீங்கள் டிரெஸ்ஸிங் என்பீர்களே, அதுதான்) தண்ணீர் விடுவதில்லை.

1820-களில் ஆபிரகாம் என்பவர் தூளை இழுக்கக் காந்தக் கருவி ஒன்றைச் செய்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், நம்ம ஆள்! ஆனால் காந்தம் எஃகுத்தூளைப் பிடிக்கும், மணல்தூளைப் பிடிக்காது. நுரையீரலை அரித்ததோ மணல். தொழிலாளர்களே இத்தகைய பாதுகாப்புக் கருவிகளை எதிர்த்தார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள் என்று 1845-ல் எங்கெல்ஸ் எழுதுகிறார். தொழிலில் ஆபத்து குறைந்தால் ஆள் பெருகும், கூலி இறங்கும் என்ற பயம். அதை மடமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிறு முதலில் பேசியிருக்கிறது.

பிறகு அமெரிக்காவில் டெய்லர், லேத் உளிமுனையில் தண்ணீரைக் கொட்டினால் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டலாம் என்று காட்டினார். துருப்பிடிக்காமலிருக்க அதில் சோடா கலந்தார். இன்றைய கூலன்ட்டுக்கு அவரும் ஒரு முன்னோர்.

இப்போது கூலன்ட்டைக் குறைத்து, மணிக்குச் சில பத்து மில்லி தாவர எண்ணெயைக் காற்றோடு தெளிக்கும் முறை வந்திருக்கிறது. கழிவு குறையும், நல்லதுதான். லேத்தில் சூட்டின் பெரும்பகுதியைச் சுருள் கொண்டுபோய்விடும். கிரைண்டிங்கில் அது பெரும்பாலும் வேலைப்பொருளுக்குள்ளேயே இறங்கும். எண்ணெய் உராய்வைக் குறைக்கும், ஆனால் தண்ணீர் அளவுக்குச் சூட்டை அள்ளிப்போகாது. தூளையும் அடக்காது. ஆகவே அந்த முறைக்கு மாறுபவர்கள், மெஷின் வாங்கும்போதே புகையையும் தூளையும் உறிஞ்சும் குழாய்க்கும் சேர்த்து விலை கேளுங்கள்.