கோணமலைக்கு ஏறும் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனை கோணமலை. நகரப் பக்கம் சரிவாக ஏறும் இம்மலை, கடற்பக்கம் ஏறக்குறைய நூறு மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இம்மலைக் கோயிலுக்குப் பதிகம் பாடினார். ஆனால் அவர் இங்கே வந்ததில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பது பெரியபுராண வழக்கு.

பிற்காலத்தில் மலையடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்ததைப் போர்த்துக்கேயர் குறிப்புகளே சொல்கின்றன. 1620களில் அவற்றை இடித்தவர்களும் போர்த்துக்கேயரே. இடித்த கற்களைக் கொண்டே கழுத்துப் போன்ற நிலப்பகுதியை மறித்துக் கோட்டை எழுப்பினார்கள். கோட்டை வாயிலில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும் கல்வெட்டும் இன்றும் தெரிவது அதனால்தான். அன்று முதல் முனைக்குப் போகும் வழி கோட்டையை ஆள்பவர் கையில் இருந்தது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரிடமும் பிறகு பிரெஞ்சுக்காரரிடமும் போனது. மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்து, 1795இல் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. 1803இல் பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

கோயில் இல்லாத மூன்று நூற்றாண்டுகளிலும் வழிபாடு அடியோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அடியார்கள் காவலைக் கடந்து உச்சிக்குப் போய், பாறை விளிம்பிலேயே கற்பூரம் காட்டிப் பூவையும் பழத்தையும் கடலில் இட்டு வணங்கினர். சுவரும் விமானமும் இல்லாத இந்தப் பூசை, கோயிலின் வரலாற்றில் இடிப்பை விடவும் கவனிக்கத்தக்கது.

உச்சியில் நிற்கும் ஒரு தூணில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காதலன் கைவிட, அவள் இங்கிருந்து குதித்தாள் என்பார்கள். அதற்குப் பின்னும் அவள் உயிரோடிருந்து மணம் முடித்ததை ஒல்லாந்தர் ஏடுகள் காட்டுகின்றன. கதைக்கு அது தடையாகவில்லை.

1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது புதைந்திருந்த பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் கற்களைக் கண்டார்கள்; அதையொட்டிய கிளார்க்கின் நூல் 1957இல் வெளிவந்தது. உச்சியில் புதுக்கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

இப்போதும் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. வாயிலைத் தாண்டினால் பெரிய ஆலமரங்கள், அவற்றின் நிழலில் ஆளுக்கு அஞ்சாத புள்ளிமான்கள். மேலே போகப் போக அருச்சனைத் தட்டுக் கடைகள். கோயிலைச் சுற்றிப் பின்புறம் போனால், பாறை பிளந்த இடத்தை இராவணன் வெட்டு என்று காட்டுகிறார்கள். தாய்க்காகக் கோயிலைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டினான் என்பது கதை. பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் வேண்டியவர்கள் சிறு மரத்தொட்டில்களைக் கட்டியிருக்கிறார்கள். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மக்களும் பேருந்து பேருந்தாக இந்த வழியே ஏறி வருகிறார்கள்.