பாசி என்னும் நிறப்பெயர்

நீர்நிலைகளிற் படரும் பாசியின் பெயரால் ஒரு நிறத்தைப் 'பாசிப்பச்சை' என வழங்குகிறோம். கிளிப்பச்சை, இலைப்பச்சை என்பவற்றினின்று வேறாய், கருமை சிறிது விரவிய அடர்ந்த பச்சையை இப்பெயர் சுட்டுகின்றது. இதன் அடிச்சொல் யாது, அவ்வடிச்சொல் எவ்வெந் நிறங்களைத் தழுவி நின்றது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பழம்பாடல்களில் வரும் பசுமைச் சொற்களுக்கெல்லாம் ஒரே நிறத்தைப் பொருளாகக் கொள்ளும் வழக்கம் உரையாளரிடையேயும் மொழிபெயர்ப்பாளரிடையேயும் காணப்படுகின்றது. அதனாற் பாட்டின் நயம் கெடுதலேயன்றிப் பொருளும் பிறழ்தல் உண்டு. ஆதலின் இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதாயிற்று.

முதற்கண் சொல்லின் வடிவத்தை நோக்குவோம். 'பசுமை' என்னும் பண்புப்பெயர் பிற சொற்களோடு புணருங்கால் பலவாறு திரியும். பசுமை, இலை என்பன பாசிலை என முதல் நீண்டும், பசுமை, தார் என்பன பைந்தார் என அகரம் ஐகாரமாகியும் நிற்கும். இத்திரிபுகளை நன்னூல் 136 ஆம் நூற்பா வகுத்துரைக்கின்றது. பாசிலை, பாசடை என்பவற்றிற் காணும் நெடில் முதலே பாசி என்னும் பெயரிலும் காணப்படுகின்றது. பரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி பச்சை, பசுமை, பசலை, பாசி ஆகியவற்றை ஒரு குடும்பமாகவே தொகுத்துள்ளது.

இக்குடும்பத்தின் ஒருபுறத்தே மஞ்சள் நிற்கின்றது. தலைவனைப் பிரிந்தாள் மேனியிற் படரும் பசலையைப் பொன்னோடும் பீர்க்கம்பூவோடும் ஒப்பிடுதல் சங்கப் புலவர் வழக்கு. பீர்க்கம்பூ மஞ்சள் நிறத்தது என்பதை யாவரும் அறிவர். உயர்ந்த பொன்னைப் பசும்பொன் என்றும் பைம்பொன் என்றும் கூறுதலும் இதனோடு ஒக்கும். தெலுங்கில் 'பச்ச' என்னும் சொல் இன்றும் பச்சைக்கும் மஞ்சளுக்கும் பொதுவாக வழங்குகின்றது. மஞ்சட்கிழங்கிற்கு அம்மொழியில் 'பசுபு' என்பது பெயர். ஆகவே பொன்னைப் பசும்பொன் என்றது புலவரின் புனைவன்று, சொல்லின் பழைய உரிமையே எனத் தெளியலாம்.

மற்றொருபுறத்தே கருமை நிற்கின்றது. குறுந்தொகை 9 ஆம் பாட்டில் நெய்தலின் இலை பாசடை எனப்படுகின்றது. அது நீர்மேல் அடர்ந்து தோன்றும் இலையாகும். உடலில் ஊசியாற் புகைக்கரியைச் செலுத்திக் கோலமிடுதலைப் பச்சை குத்துதல் என்கிறோம். செலுத்துவது கரியேயாயினும், தோலின் கீழ்த் தோன்றும் கரும்பசுமையே அதற்குப் பெயராயிற்று. கரிய நிறத்தோன் எனப் பொருள்படும் மாயோனையே பச்சைமால் என்றும் நம் முன்னோர் வழங்கினர். தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை அவன் மேனியைப் பச்சைநிற மலையோடு ஒப்பிடுகின்றது. மேகம்போற் கரியன் என்பதும் மலைபோற் பசியன் என்பதும் தம்முள் முரணாகா. தொலைவில் நின்று அடர்ந்த காட்டுமலையைக் கண்டார்க்கு இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும்.

இவ்விரு புறமும் ஒரு பாட்டிற் சந்திக்கின்றன. பரணர் பாடிய குறுந்தொகை 399 ஆம் பாட்டில், ஊரார் நீர் முகக்கும் துறையிற் படர்ந்த பாசியைத் தன் பசலைக்கு உவமை கூறுகின்றாள் தலைவி. கை படுந்தோறும் பாசி விலகும். கை நீங்குந்தோறும் மீண்டும் பரவும். தலைவன் தீண்டுதலும் பிரிதலும் பசலைக்கு அத்தகையன என்பது கருத்து. பாசியோ கரும்பசுமையது, பசலையோ பொன்னிறத்தது. நிறத்தால் ஒவ்வாத இரண்டைத் தொழிலால் ஒப்பித்தார் பரணர். அவ்வாறு ஒப்பித்த இரு பெயரும் ஓரடியிற் பிறந்தனவாய் நிற்றல் எண்ணி இன்புறத்தக்கது. இரண்டினையும் ஒரே பச்சையாகக் கொண்டு உரைகூறின் இது நிற உவமமாய்ச் சுருங்கிவிடும். தொழிலுவமத்தின் ஆற்றல் மறைந்துபோகும்.

ஒரு சொல் பல நிறங்களைத் தழுவுதலால் அக்காலத்தார் நிறவேறுபாட்டை உணர்ந்திலர் எனலாமோ எனின், ஆகாது. ஓமரின் கிரேக்கக் காப்பியங்களைப் பற்றி 1858 இல் எழுதிய கிளாட்ஸ்டன், அக்காலக் கிரேக்கரின் நிறவுணர்வு முதிராதது எனக் கருதினார். பெயரின்மையைக் காட்சியின்மையாகக் கொள்ளும் அம்முடிபு பின்வந்த ஆய்வாளரால் மறுக்கப்பட்டது. நம் நாட்டிலோ அம்முடிபைச் சாயத்தொழிலே மறுக்கும். ஒரே செடியினின்று நிலைத்த பச்சைச் சாயம் பெறுதல் அரிது. ஆகலின் அவுரியின் நீலத்தின்மேல் மஞ்சட்சாயம் ஊட்டியே பச்சையை ஆக்கினர். நீலம் மிகின் கரும்பச்சையும் மஞ்சள் மிகின் இளம்பச்சையும் தோன்றும். 17, 18 ஆம் நூற்றாண்டுகளிற் சோழமண்டலக் கரையினின்று ஐரோப்பாவிற்குச் சென்ற ஓவியத் துணிகள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகக் காணப்படுகின்றன. மேலூட்டிய மஞ்சள் காலத்தால் வெளிற, அடியிலிருந்த நீலம் எஞ்சியதே அதற்குக் காரணம். இவ்வளவு நுட்பமாகப் பசுமையைப் பகுத்தும் கூட்டியும் ஆண்டவர் அதன் வேறுபாடுகளை அறியாதார் ஆகார்.

அங்ஙனமாயின் பசுமை என்னும் சொல் எதனைக் குறித்தது? பச்சரிசி, பச்சைமண், பச்சைக்குழந்தை என்னும் வழக்குகள் விடை தருகின்றன. வேகாமை, சுடாமை, முதிராமை என்னும் ஈரமுள்ள நிலையே இவற்றின் பொதுப்பொருள். நிறத்தோடு அந்நிலையையும் ஒருங்கே உணர்த்துவது இச்சொல். பாசிப்பயற்றின் தோல் பச்சை. தோல் நீங்கிய பருப்பு மஞ்சள். பாசிப்பருப்பு என்னும் பெயரோ மாறுவதில்லை.

எனவே, பசுமைச் சொற்களுக்குப் பொருளெழுதுவோர் அகராதியின் முதற்பொருளோடு அமையாது, அவை தழுவிய பொருள் பூவோ, பொன்னோ, இலையோ, மலையோ என நோக்கி நிறத்தைத் துணிதல் வேண்டும். அவ்வாறு துணிந்தாலன்றிப் பரணர் கண்ட பாசியை நாம் கண்டவராகோம்.