பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலச் சேர்பொருள்கள்

பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் படலத்தை உருவாக்கும் கரைசலில் சிறிதளவு கலக்கப்படும் உப்புகள், கரிமச் சேர்மங்கள், அயனித் திரவங்கள் முதலியன சேர்பொருள்கள் எனப்படும். படிக வளர்ச்சியைச் சீராக்குவதும் படிகக் குறைகளை அடைப்பதும் இவற்றின் பணி. சில பொருள்கள் பணி முடிந்ததும் ஆவியாகிவிடும். சில படலத்திலேயே தங்கிவிடும்.

பின்னணி

1839இல் யூரல் மலைப்பகுதிக் கனிமமான கால்சியம் டைட்டனேட்டை விவரித்த ஜெர்மானியர் குஸ்டாவ் ரோசே, அதற்கு ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். அதே படிக அமைப்புள்ள பிற சேர்மங்களையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். 2009இல் ஜப்பானின் யோகஹாமாவில் சுடோமு மியாசகா குழுவினர் மெத்தில்அமோனியம் ஈய அயோடைடைக் கொண்டு 3.8% திறனுள்ள மின்கலத்தைச் செய்தனர். அதிலிருந்த திரவ மின்பகுளி பெரோவ்ஸ்கைட்டையே கரைத்துவிட்டது. 2012இல் திரவத்தின் இடத்தைத் திண்மப்பொருள் பிடித்ததும் திறன் 10 விழுக்காட்டை எட்டியது.

கரைசலைப் பூசி, சுமார் 100 பாகை செல்சியசில் சூடாக்கினாலே படலம் உருவாகிவிடுகிறது. செலவு குறைவு, ஆனால் அவசரமாக வளரும் படிகத்தில் அயோடைடு அயனிகளின் இடங்கள் சில காலியாக நிற்கும். பிணைப்பு நிறைவுறாத ஈய அயனிகளும் இருக்கும். ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் இக்குறைகளில் சிக்கி வீணாகின்றன.

குளோரைடு முதல் கரிமச் சேர்மங்கள் வரை

2012இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த் குழுவினர் கரைசலில் குளோரைடைப் பயன்படுத்தினர். குளோரைடு இல்லாத படலத்தில் மின்னூட்டங்கள் சுமார் 100 நானோமீட்டரே பரவ, குளோரைடு கலந்து செய்ததில் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் பரவுவதை 2013ஆம் ஆண்டு அளவீடு காட்டியது. ஆயினும் முடிவுற்ற படலத்தில் குளோரின் மிகச் சொற்பமே. வளர்ச்சியை நெறிப்படுத்திவிட்டு அது வெளியேறியிருந்தது.

2014இல் கொரியாவின் சாங் இல் சியோக் குழுவினர் டைமெத்தில் சல்பாக்சைடைச் சேர்த்து, ஈய அயோடைடுடன் ஓர் இடைநிலைச் சேர்மம் உருவாகச் செய்தனர். படிகமாதல் நிதானமடைந்து, படலம் சமமாகப் பரவியது. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் படலத்தின் மேற்பரப்பில் பிரிடினைச் செலுத்தினர். அதன் எலக்ட்ரான் இணை ஈய அயனியுடன் பிணைந்து குறையை அடைத்தது. திறன் 13 விழுக்காட்டிலிருந்து 16.5 விழுக்காடாயிற்று. இது கரைசலில் கலக்கப்படாவிட்டாலும் அடிப்படை வேதியியல் ஒன்றே.

நிலைப்புத்தன்மை

அடுத்து ஆயுள் பற்றிய கேள்வி முன்னுக்கு வந்தது. 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பொட்டாசியம் அயோடைடு அயனி நகர்வைத் தடுப்பதைக் காட்டினர். 2019இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் காபியிலுள்ள காஃபீன் சேர்க்கப்பட்டது. அதன் கார்போனைல் தொகுதிகள் ஈயத்தைப் பற்றிக்கொள்ள, 85 பாகை வெப்பத்தில் 1,300 மணி நேரத்துக்குப் பின்னும் மின்கலம் தொடக்கத் திறனில் 86% காத்தது. 2021இல் தென்கொரியாவின் உல்சானில் ஃபார்மேட் அயனி அயோடைடின் காலியிடங்களை நிரப்ப, திறன் 25.6 விழுக்காட்டை எட்டியது.

சிலிக்கான் பலகைகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கம். ஆய்வக மணி நேரங்களை அந்த ஆண்டுக்கணக்கோடு ஒப்பிட்டே இன்று சேர்பொருள்களின் மதிப்பு அளக்கப்படுகிறது.