செராஸ் வீட்டில் ஹாலோவீன் கைவினை பார்ட்டியா? பயம் அலங்காரத்தில் மட்டும் இருக்கட்டும்

அக்டோபர் 31, ஹாலோவீன். செராஸ் கொண்டோ வீட்டில் நண்பர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு முகமூடி, வௌவால், சிலந்தி வலை எல்லாம் செய்யலாம்னு பிளான் பண்றீங்களா? நல்ல யோசனைதான். ஆனால் இது தீபாவளி சீசன். 2024-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. வீட்டில் அகல்விளக்கு எரியும் நேரத்தில்தான் காகிதமும் பஞ்சும் பரவிக் கிடக்கும். கவனம் தேவை.

என்ன செய்யலாம்?

அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிறகே பரங்கிக்காய்க்கு மாறினார்கள். நம்ம ஊர் வெப்பத்தில் குடைந்த காய் சில நாளிலேயே அழுகிவிடும். அதனால் குடைய வேணாம். முகம் வரைந்தால் போதும். வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டும் நமக்கு இது புதுசா என்ன?

என்ன வேஷம் போடலாம்?

டிராகுலாதான் வேண்டும் என்றில்லை. வெள்ளை உடை, விரித்த கூந்தல் இருந்தால் பொந்தியானாக் தயார். 1957-இல் வந்த 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவரே இந்தியரான பி.என்.ராவ்தான்.

நெருப்பு ஏன் கூடாது?

2014-இல் பிரிட்டன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மேனின் மகள் அணிந்திருந்த சூனியக்காரி உடை, மெழுகுவர்த்தியில் பட்டுத் தீப்பற்றியது. சிறுமி பலத்த காயமடைந்தார். பார்ட்டி நேரத்தில் அகல்விளக்கைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது: நில், படு, உருள். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். 999-ஐ அழையுங்கள்.

அப்போ எல்இடி விளக்கு சேஃபா?

தீ அபாயம் இல்லை. ஆனால் பல எல்இடி விளக்குகளுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகலாம். மூடியில் திருகாணி உள்ள விளக்கையே வாங்குங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேணாம். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு.

வெளியே அலங்கரிக்கலாமா?

கொண்டோ நடைபாதை பொதுச் சொத்து. வழியை அடைக்கக் கூடாது; தீ விபத்து என்றால் எல்லாரும் ஓடும் வழி அதுதான். பேய் பொம்மையைப் பார்க்க விரும்பாத அண்டை வீட்டாரும் இருப்பார்கள். அலங்காரம் கதவுக்கு உள்ளேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.