மலை ஏறும்போது வராத வலி, இறங்கின பிறகு ஏன் வருது?

கொஞ்சம் நீளமான இழை. மலை ஏறுறவங்க, சைக்கிள் ஓட்டுறவங்க கடைசி வரை படிச்சிடுங்க.

போன வருஷம் வெள்ளியங்கிரி சீசன். செவ்வாய்க்கிழமை காலை ஓபி. முப்பது வயசு தம்பி ஒருத்தர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மலையும் ஏறி இறங்கியிருக்கார்.

"தினமும் 30 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுற கால் டாக்டர் இது. ஏறும்போது ஒண்ணுமே தெரியல. இப்ப படி இறங்க முடியல. லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சுனு ஜிம்ல சொல்றாங்க. ஒரு ஊசி போட்டு விடுங்க."

நான் கேட்டது ஒரே கேள்வி: "யூரின் என்ன கலர்ல போகுது?" அவர் முழிச்சார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

முதலில் லாக்டிக் ஆசிட். 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஏ.வி.ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் கிடைத்தது. தசை வேலை செய்யும்போது வெப்பமும் லாக்டிக் ஆசிட்டும் எப்படி உண்டாகின்றன என்று காட்டியவர்கள். அதிலிருந்து, உடம்பு வலித்தாலே பழி லாக்டிக் ஆசிட் மேல்தான். ஆனால் ஓடி முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். உங்க கால் வலி உச்சத்துக்குப் போவதோ இரண்டாம், மூன்றாம் நாள். எப்பவோ ஊரை விட்டுப் போனவன் மேல் இன்னிக்குத் திருட்டு கேஸ் போடுற மாதிரி!

சரியான பதிலை ஒருத்தர் அதற்கு முன்பே சொல்லிட்டார். 1902இல் தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், விரல் தசைகளுக்கு வேலை கொடுத்துப் பார்த்து, மறுநாள் வரும் வலிக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் என்று எழுதினார். யாரும் பெரிசா காதில் வாங்கல.

அடுத்த காட்சி 1952, லண்டன். ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்கணும். இன்னொருவர் பின்னோக்கிச் சுற்றும் பெடலை எதிர்த்து நிறுத்தப் பார்க்கணும். இரண்டு பேர் காலிலும் ஒரே விசை. ஆனால் எதிர்த்து நின்றவருக்குச் செலவான ஆக்சிஜன் பல மடங்கு குறைவு!

முன்னோக்கி மிதிக்கும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்யுது. எதிர்த்து நிற்கும்போது இழுபட்டு நீண்டுகொண்டே வேலை செய்யுது. மலை இறங்கும்போது உங்க முன்தொடை செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். ஒவ்வொரு படியிலும் அது உங்க உடம்புக்கு பிரேக். மூச்சு வாங்காது, அதனால் சுலபமா தெரியும். ஆனால் குறைவான இழைகளே மொத்த பாரத்தையும் தாங்குவதால் கிழிசல் அங்கேதான் விழும்.

சைக்கிளில் இந்த பிரேக் வேலை கிட்டத்தட்ட கிடையாது. அதனால்தான் தினமும் 30 கிலோமீட்டர் மிதிச்ச கால், இறக்கத்துக்குப் புதுசு.

1981இல் ஸ்வீடனில், படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் தசைத் துணுக்கை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இழைகளின் அடுக்கு குலைந்து கிடந்தது. 1983இல் அமெரிக்காவில் சிலரைச் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் லாக்டிக் ஆசிட் ஏறியது, வலி வரல. இறக்கத்தில் அது ஏறவே இல்லை, வலி வந்தது. ஹஃப் சொன்னது நிரூபணமாக எண்பது வருஷம் ஆச்சு.

இந்தக் கிழிசல் பெரும்பாலும் தானே ஆறிடும். அடுத்த முறை அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. தசை கற்றுக்கொள்ளும்.

அப்போ யூரின் கலர் எதுக்கு?

1941. லண்டனில் குண்டுவீச்சு. இடிபாடுகளில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் முதலில் நல்லாத்தான் இருந்தாங்க. பிறகு சிறுநீர் கறுத்து, கிட்னி செயலிழந்து, சில நாட்களில் இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் அதைப் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற நிறமிப் புரதம் கிட்னியைத் தாக்குது என்பது பின்னர் தெளிவானது. பழக்கமில்லாத கடும் உழைப்பிலும், அரிதாக, இதே நடக்கும்.

நம்ம தம்பிகிட்ட திரும்ப கேட்டேன். தயங்கிச் சொன்னார், "கோலா கலர்ல போகுது சார். சூடுனு நினைச்சேன்." மலையில் தண்ணீர் சரியா குடிக்கல. இறங்கியதிலிருந்து மெடிக்கல்ல வாங்கின டைக்ளோபினாக் தினமும் மூணு. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை கிட்னிக்கு இன்னொரு அடி.

கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஐந்து நாள் வார்டில் சலைன். பிழைச்சுக்கிட்டார்.

நீங்க செய்ய வேண்டியது:

• மலைக்கு ஒரு மாசம் முன்பே படி இறங்கிப் பழகுங்க. ஏறுவது மட்டும் போதாது.
• தடி ஊன்றி, மெதுவா, சின்னச் சின்ன அடியா இறங்குங்க. தண்ணீர் குடிங்க.
• மறுநாள் வலிச்சா லேசா நடங்க. கேட்காமல் வலி மாத்திரை போடாதீங்க.
• சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அளவு குறைந்தால், தொடை கல்லு மாதிரி வீங்கினால் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அந்தத் தம்பி இந்த வருஷமும் மலைக்குப் போறார். அதற்காக அப்பார்ட்மென்ட்ல லிஃப்டில் ஏறி, படியில் இறங்கிட்டிருக்காராம். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும்!